வட்டக்களரியும் படச்சட்ட மேடையும்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாறு பற்றி எழுதப்படுகின்ற கட்டுரைகளில் 1962 ஆம் ஆண்டு தவறாமல் இடம்பெறும். பேராதனையிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் ‘கர்ணன் போர்’ என்னும் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி மேடையேற்றிய ஆண்டு அது. கிராமத்துக்குள் முடங்கிக் கிடந்த கூத்து கற்றோர் அவையில் ஏறிய நாள் என்று அதனைப் பலரும் போற்றியுள்ளனர். அந்தப் போற்றுதல் நியாயமானதே. ஆயினும் கூத்து அன்று எங்கிருந்து எங்கே போனது, போகும் வழியில் எதைக் கொண்டு சென்றது, எதை விட்டுச் சென்றது என்ற கேள்விகள் இன்றுவரை முழுமையாகப் பேசப்படவில்லை என்பது எனது எண்ணம். பத்திரிகைத் தொழிலின் நிமித்தமும் சொந்த விருப்பத்தின் நிமித்தமும் வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் பழைய கூத்துகளையும் இசைநாடகங்களையும் பார்த்துவந்தவன் என்ற வகையில் அதுபற்றிச் சிலவற்றை எழுதிவைக்க விரும்புகின்றேன்.

முதலில், கிராமத்தில் கூத்து எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மட்டக்களப்பில் கூத்து இருவகைப்படும். ஒன்று வடமோடி. மற்றையது தென்மோடி. வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகள் ஆடப்படும். போரும் வீரமும் அதன் உயிர். தென்மோடியில் அலங்காரரூபன் போன்ற கதைகள் ஆடப்படும். காதலும் மணமும் அங்கே முதன்மை பெறும். வடமோடி அரசன் கரப்புடுப்பு உடுத்து, பெரிய கிரீடம் தரித்து வருவான். தென்மோடியில் உடுப்பின் பாரம் குறைவு, காலடியின் நுணுக்கம் அதிகம். இரண்டுக்கும் மத்தளமும் சல்லரியும் பொது.

இவை ஆடப்படுகின்ற இடம் வட்டக்களரி. ஊர் வெளியில் வட்டமாக மண் உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டி, பந்தமோ பின்னாளில் பெற்றோல்மக்ஸ் விளக்கோ ஏற்றி அமைக்கப்படும் அரங்கு அது. அண்ணாவியார் மத்தளத்தோடு களரியின் நடுவே நிற்பார். சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவரோடு நிற்பர். ஆடுவோர் அவர்களைச் சுற்றி ஆடுவர். பார்ப்போர் களரியின் நான்கு புறமும் இருப்பர். இங்கே முன்புறம் என்றும் பின்புறம் என்றும் இல்லை. ஒருவருக்கு முதுகு காட்டி ஆடுபவன் அடுத்த கணம் அவருக்கு முகம் காட்டுவான். இந்த அமைப்பை நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் வந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே தொடக்கப் புள்ளி.

இரவு முழுவதும் ஆடப்படும் ஒரு கூத்துக்குப் பின்னால் பல மாத உழைப்பு உண்டு. ஊரவர் கூடிக் கதையைத் தெரிவு செய்வர். அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, காலைப் பார்த்துப் பாத்திரங்களைப் பங்கிட்டு, அவரவர் படிக்கவேண்டிய பகுதியை வழங்குவார். இதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். பின்னர் ஆட்டம் பழகி, சதங்கை கட்டி, அடுக்குப் பார்த்து, இறுதியில் அரங்கேற்றம். ஒவ்வொரு கட்டமும் ஒரு சடங்கு. ஒவ்வொன்றுக்கும் ஊர் வரும். ஆகவே அரங்கேற்ற இரவில் களரியைச் சுற்றி இருப்பவர்களுள் கதை தெரியாதவர் எவருமிலர். யார் என்ன பிழை விட்டுப் பழகினான், யார் எந்தத் தாளத்தில் தடுமாறினான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கர்ணன் மடிவான் என்பது தெரிந்தும் அவன் எவ்வாறு மடிகின்றான் என்று காண வந்திருப்பவர்கள் அவர்கள்.

கூத்து முடிந்த பின்னர் நிகழும் பேச்சு கூத்தின் ஒரு பகுதியே என்று சொன்னால் மிகையாகாது. மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமமொன்றில் விடியற்காலையில் களரியை விட்டு எழுந்தபோது, அருகிலிருந்த முதியவர் என்னிடம் சொன்னார்: “இவன்ட தகப்பன் ஆடின கர்ணனைக் கண்ட கண்ணுக்கு இது என்ன ஆட்டம், மனே! ஆனா பாட்டுல பொடியன் தகப்பனை வெண்டுட்டான்.” இரண்டே வாக்கியம். ஆட்டம் வேறு, பாட்டு வேறு என்று பிரித்தறிந்து, ஒரு தலைமுறைக்கு முந்திய ஆற்றுகையை அளவுகோலாக வைத்து, புதியவனின் வலிமையையும் குறையையும் ஒருங்கே சொல்லிவிட்ட விமர்சனம் அது. இத்தகைய விமர்சனங்கள் எந்தப் பத்திரிகையிலும் வெளிவந்ததில்லை. ஆனால் அடுத்த ஆண்டுக் கூத்தைத் தீர்மானித்தவை இவைதான். தேநீர்க் கடையிலும் வயல் வரம்பிலும் கோயில் வீதியிலும் நிகழ்ந்த இந்தப் பேச்சின் அச்சமே ஆட்டக்காரனை ஒழுங்கில் வைத்திருந்தது.

இனிப் பேராதனைக்கு வருவோம். வித்தியானந்தன் அவர்கள் தெல்லிப்பழையைச் சேர்ந்தவர். பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950 இல் இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ‘தமிழர் சால்பு’ எழுதியவர். அவரது பயிற்சி பழந்தமிழ் இலக்கியத்தில். நாடகத்தில் அவருக்கு முன்னோடியாக அமைந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை மேடைக்குக் கொண்டுவந்த கணபதிப்பிள்ளையின் நாடகங்களை வித்தியானந்தன் பல்கலைக்கழகத்தில் நெறிப்படுத்தியிருந்தார். எனினும் அவரைக் கூத்தின் பக்கம் திருப்பியதில் ஒரு சிங்கள நாடகத்துக்கும் பங்குண்டு என்பதை இங்கு குறிப்பிடல் வேண்டும்.

1956 நவம்பரில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. சரச்சந்திர சிங்களக் கிராமிய நாடகங்களை ஆராய்ந்தவர். ‘நாடகம’ என்ற பெயரில் தென்மேற்குக் கரையோரத்தில் ஆடப்பட்டுவந்த பழைய வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டார். அந்த வடிவத்தை அறிந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயின் துணையோடு அதைச் செம்மைப்படுத்தி ஜாதகக் கதையொன்றை ஆட வைத்தார். ‘நாடகம’ என்ற பெயரே அதன் மூலத்தைச் சொல்லிவிடும். தமிழ்க் கத்தோலிக்கர் ஆடிவந்த கூத்து மரபிலிருந்து சிங்களத்துக்குச் சென்ற வடிவம் அது. அதாவது, தமிழ்க் கூத்தின் வழிவந்த வடிவமொன்று சிங்கள நவீன நாடகத்தின் அத்திவாரமாக அமைந்துகொண்டிருந்த வேளையில், தமிழ்க் கற்றோர் தமது கூத்தைக் கூத்தாடிகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்திருந்தனர். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே 1956 இல்தான். மொழியும் பண்பாடும் பற்றிய கேள்விகள் தமிழரிடையே கூர்மையடைந்த காலம் அது. வித்தியானந்தனின் முயற்சியை இந்தப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராக இருந்த காலத்தில் அவர் கிராமம் கிராமமாகச் சென்று கூத்துகளைப் பார்த்தார். அண்ணாவிமாரை அழைத்துக் கௌரவித்தார். பாடசாலைகளில் கூத்துப் பழகுவதை ஊக்குவித்தார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த நாடகங்களைப் பதிப்பித்தார். ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962 இலும், மன்னார்க் கத்தோலிக்க மரபுக்குரிய ‘என்றிக் எம்பரதோர் நாடகம்’ 1964 இலும், ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966 இலும் வெளிவந்தன. மட்டக்களப்போடு நின்றுவிடாமல் மன்னாரையும் அவர் சேர்த்துக்கொண்டமை கவனிக்கத்தக்கது.

‘கர்ணன் போர்’ தயாரிப்பில் இரண்டு அறிவுகள் சந்தித்தன. ஒன்று பல்கலைக்கழகத்து அறிவு. மற்றையது வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் அறிவு. மாணவர்களுக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் அவர். கூத்துச் சூழலில் வளர்ந்து அப்போது பல்கலைக்கழக மாணவராக இருந்த சி. மௌனகுரு போன்றோர் இரண்டுக்கும் இடையே பாலமாக நின்றனர். 1963 இல் ‘நொண்டி நாடகம்’, 1960களின் நடுப்பகுதியில் ‘இராவணேசன்’, பின்னர் ‘வாலிவதை’ எனத் தயாரிப்புகள் தொடர்ந்தன. வரலாறு எழுதுவோர் வித்தியானந்தனின் பெயரை முதலிலும், மௌனகுருவின் பெயரை அடுத்தும், அண்ணாவியாரின் பெயரை, நினைவு வந்தால், மூன்றாவதாகவும் எழுதுகின்றனர். இந்த வரிசையைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டும்.

மேடைக்கு வந்தபோது கூத்தில் நிகழ்ந்த மாற்றங்களை எண்ணிப் பார்ப்போம். இரவு முழுவதும் ஆடப்பட்டது ஓரிரு மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. திரும்பத் திரும்பப் பாடப்பட்ட பாட்டுகள் குறைக்கப்பட்டன. நான்கு புறமும் பார்த்து ஆடியவர்கள் ஒரு புறம் பார்த்து ஆடினர். களரியின் நடுவே நின்ற மத்தளமும் பிற்பாட்டும் மேடையின் ஓரத்துக்குப் போயின. ஆட்டமும் பாட்டுமே முதன்மையாக இருந்த இடத்தில் முகபாவத்துக்கும் மெய்ப்பாட்டுக்கும் கூடிய இடம் கிடைத்தது. ஒளியும் திரையும் வந்தன.

இந்த மாற்றங்களுள் மிக முக்கியமானது நேரம் சுருங்கியது என்றே பலர் எழுதியுள்ளனர். எனக்கோ அண்ணாவியார் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனதே மிக முக்கியமானதாகப் படுகின்றது. களரியில் அவர் எல்லோருக்கும் தெரியும்படி நின்று கூத்தை நடத்துபவர். ஆட்டக்காரன் தளர்ந்தால் மத்தளத்தால் தூக்கிவிடுவார். சபை உற்சாகம் கொண்டால் ஆட்டத்தை நீட்டுவார். அவர் சபையையும் பார்க்கின்றார், ஆட்டக்காரனையும் பார்க்கின்றார். படச்சட்ட மேடையில் அந்த இடம் நெறியாளருக்குப் போகின்றது. நெறியாளர் ஆற்றுகையின்போது மேடையில் இல்லை. அவர் தமது வேலையை ஒத்திகையிலேயே முடித்துவிட்டார். எனவே சபையைப் பார்த்து அந்தக் கணத்தில் கூத்தை மாற்றக்கூடியவர் எவருமில்லை. பார்வையாளரும் இருளில் அமர்ந்து பார்த்துவிட்டுக் கைதட்டிச் செல்பவராக மாறிவிடுகின்றார்.

இதைக் குறையாக மட்டும் கூறுவது நேர்மையன்று. சுருக்கியதால் கிடைத்த பேறும் உண்டு. அதற்கு ‘இராவணேசன்’ நல்ல சான்று. மட்டக்களப்பில் இராம நாடகம் ஆடப்பட்டு வந்ததுதான். ஆனால் மௌனகுரு வடமோடிக்கென்று புதிதாக எழுதிய ‘இராவணேசன்’ இராவணனை நடுநாயகமாக வைத்தது. தவறு செய்தவன், அதை அறிந்தவன், அறிந்தும் தன் மானத்தை விட்டுக்கொடுக்க முடியாதவன், மகனையும் தம்பியையும் களத்தில் பலிகொடுத்துவிட்டுத் தானும் போகின்றவன் என்ற சித்திரிப்பு அங்கு உருவாயிற்று. போருக்குப் போகுமுன் அரசன் ஆடும் வடமோடி ஆட்டத்தின் மிடுக்கு, முடிவை அறிந்தவனின் மிடுக்காக மாறியபோது, அந்த ஆட்டத்துக்கே புதிய பொருள் கிடைத்தது. இரவு முழுவதும் விரிகின்ற களரியில் இந்தச் செறிவு கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அந்தக் காலத்தில் மௌனகுருவே இராவணனாக ஆடினார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காலத்திலும் அதன் பின்னரும் இந்நாடகத்தை இளம் தலைமுறையினரைக் கொண்டு புதுக்கித் தயாரித்தார்.

பிற்காலத்துத் தயாரிப்பொன்றைக் கொழும்பில் பார்த்தேன். மண்டபம் நிறைந்திருந்தது. நாடகம் முடிந்த பின்னர் வாசலில் நின்று பேசியவர்களின் பேச்சைக் கேட்டபோது ஒன்று விளங்கிற்று. ஆட்டத்தைப் பற்றியோ தாளத்தைப் பற்றியோ எவரும் பேசவில்லை. எல்லோரும் பேசியது போரைப் பற்றி. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் அரசனையும், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கப்படாத மண்டோதரியையும் பற்றி அவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பெயர் சொல்லாமல் பேசினார்கள். பழைய கதை என்பது சில காலங்களில் சொல்ல முடியாதவற்றைச் சொல்லப் பயன்படும் மறைப்பு என்பதை அன்று கண்டேன். படுவான்கரை முதியவரின் விமர்சனமும் இந்த வாசற்பேச்சும் இருவேறு வகையின. முதலாவது கலையை அறிந்தவரின் பேச்சு. இரண்டாவது காலத்தை அறிந்தவரின் பேச்சு. கூத்துக்கு இரண்டும் வேண்டும்.

வடபுலத்தில் பழைய நாடகங்கள் வேறொரு வழியில் மேடை கண்டன. யாழ்ப்பாணத்தில் கொட்டகைக் கூத்து என்று அழைக்கப்பட்ட இசைநாடகம், தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுக்களின் வழியாகப் பரவியது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் உட்படத் தமிழகத்து மேடையில் வழங்கிய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘அரிச்சந்திரா’ முதலியவை இங்கும் வேரூன்றின. இந்த மரபின் சிகரம் காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து. 1924 இல் பிறந்து 1989 இல் மறைந்த அவர், ‘அரிச்சந்திர மயான காண்டம்’ நாடகத்தை எண்ணற்ற மேடைகளில் ஆடினார்.

1980களின் தொடக்கத்தில், பாடசாலை மாணவனாக இருந்தபோது, வலிகாமத்துக் கோயில் வீதியொன்றில் அவரது மயான காண்டத்தைப் பார்த்தேன். கதை ஊரறிந்தது. பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைச் சுமந்துகொண்டு சந்திரமதி சுடலைக்கு வருகின்றாள். சுடலை காக்கும் அரிச்சந்திரன், தன் மகன் என்று அறியாமல், காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கின்றான். அரசனாக இருந்தவன் ஒரு முழத் துணிக்கும் காற்பணத்துக்கும் மன்றாடுகின்ற, அதுவும் தன் எசமானுக்குக் கொடுத்த சொல்லைக் காக்க மன்றாடுகின்ற இடம் அது. என்னைச் சுற்றியிருந்த பெண்கள் பாட்டு வருவதற்கு முன்னரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்துவரும் பாட்டு அவர்களுக்கு மனப்பாடம். ஒரு பாட்டை வைரமுத்து அன்று சற்றுக் குறுக்கியபோது பின்வரிசையிலிருந்து “முழுக்கப் பாடுங்கோ அண்ணை” என்று குரல் வந்தது. அவர் புன்னகை செய்யவில்லை, பாத்திரத்தை விட்டு வெளியே வரவுமில்லை. ஆனால் பாட்டை மறுபடி எடுத்தார். ஆர்மோனியம் அவரைத் தொடர்ந்தது.

இந்தச் சிறு நிகழ்வைப் பல ஆண்டுகளின் பின்னரே நான் விளங்கிக்கொண்டேன். கொட்டகை மேடையும் ஒருபக்கம் பார்த்த மேடைதான். திரையும் சீனும் அங்கும் உண்டு. ஆயினும் சபைக்கும் ஆற்றுவோனுக்கும் இடையிலான உறவு அறுபடவில்லை. ஆகவே மேடையின் வடிவம் மட்டும் கூத்தைக் கொன்றுவிடுவதில்லை. சபை தன் உரிமையை விட்டுவிடும்போதே அது மெலிகின்றது. பேராதனை மேடைக்கும் கொட்டகை மேடைக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கின்றது. முன்னையது கூத்தைத் தெரியாத சபைக்குக் கூத்தை அறிமுகம் செய்தது. பின்னையது தெரிந்த சபைக்கு ஆடியது.

பின்னர் போர் வந்தது. இரவு முழுவதும் ஆடும் கலைக்கு முதலில் தேவையானது இரவு. ஊரடங்குச் சட்டமும் சுற்றிவளைப்பும் ஷெல் வீச்சும் இரவைப் பறித்துக்கொண்டன. கிழக்கில் 1990 இல் நிகழ்ந்த இடப்பெயர்வும், 1995 இல் யாழ்ப்பாணம் பெயர்ந்ததும், 2004 டிசம்பர் சுனாமியும், 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரையும் படுவான்கரையும் பெயர்ந்ததும், 2009 இல் வன்னியில் நிகழ்ந்த பேரழிவும் ஊர்களையே கலைத்தன. முள்ளியவளைக் கோவலன் கூத்து, யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்து, மன்னார் நாட்டுக்கூத்து யாவும் ஊரை நம்பியே நின்றவை. உடுப்பும் கிரீடமும் போயின. கொப்பிகள் போயின. எல்லாவற்றிலும் மேலாக, தகப்பனின் கர்ணனை நினைவில் வைத்திருந்து மகனின் கர்ணனை அளக்கக்கூடிய சபை சிதறியது. கிரீடத்தை மறுபடி செய்துவிடலாம். அந்தச் சபையை மறுபடி செய்வது எளிதன்று.

இந்த நிலையில்தான் 2000களின் முற்பகுதியில் மட்டக்களப்புச் சீலாமுனையில் வேறொரு முயற்சி நடந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் அவரோடு இணைந்தவர்களும் அதனைக் கூத்து மீளுருவாக்கம் என்று அழைத்தனர். கூத்தைக் கிராமத்திலிருந்து எடுத்து மண்டபத்துக்குக் கொண்டுசெல்வது அவர்களது நோக்கமன்று. கூத்து ஊரிலேயே இருக்கவேண்டும், அண்ணாவியாரும் ஆட்டக்காரரும் ஊரவரும் கூடியிருந்து அதன் பனுவலைப் பேசி மாற்றவேண்டும் என்பதே அவர்களது நிலைப்பாடு. பழைய கூத்துப் பனுவல்களில் பெண்களைப் பற்றியும் சாதியைப் பற்றியும் வரும் கருத்துகளை இன்று அப்படியே பாடலாமா என்ற கேள்வியை அவர்கள் ஊர்ச் சபையின் முன்னே வைத்தனர்.

பேராதனை வழியினருக்கும் மீளுருவாக்க வழியினருக்கும் இடையே எழுத்திலும் பேச்சிலும் விவாதங்கள் நிகழ்ந்தன. செம்மைப்படுத்தல் என்ற சொல்லையே ஒரு சாரார் கேள்விக்குட்படுத்தினர். செம்மையற்றது என்று கிராமத்துக் கூத்தை யார் தீர்மானித்தது என்பது அவர்களது வினா. 1960களில் அந்தச் செம்மைப்படுத்தல் நிகழாதிருந்தால் கூத்துக்குக் கல்வியுலகில் இடமே கிடைத்திராது என்பது மற்றைய சாராரின் விடை. இரண்டிலும் உண்மை உண்டு. சுடலையிலும் கோயில் வீதியிலும் ஆடியவர்களைக் ‘கூத்தாடி’ என்று சாதி சொல்லி இழித்த சமூகத்தில், ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் அண்ணாவியாருக்குப் பக்கத்தில் நின்றது சிறிய காரியமன்று. அதே கூத்து வடிவத்தைக் கொண்டு, 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் பின்னணியில் ‘கந்தன் கருணை’ நாடகம் ஆடப்பட்டதும், மௌனகுருவின் ‘சங்காரம்’ உருவானதும் அந்த அங்கீகாரம் திறந்துவிட்ட வழியினாலேயே. தமிழகத்திலும் 1977 இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையை நிறுவி, புரிசைத் தெருக்கூத்தோடு உறவு கொண்டபோது இதே கேள்விகள் எழுந்தன. கிராமத்துக் கலையைக் கற்றவன் தொடும்போதெல்லாம் இக்கேள்வி எழும், எழவும் வேண்டும்.

என்னுடைய முடிவு இது. பழைய கூத்தை மாற்றலாமா என்பது பொருளற்ற வினா. அண்ணாவிமார் எப்போதும் மாற்றியே வந்துள்ளனர். ஒரே கதையின் இரண்டு ஊர்க் கொப்பிகள் ஒத்திருப்பதில்லை. ஒவ்வோர் அண்ணாவியாரும் தமது ஊரின் குரலுக்கும் காலுக்கும் ஏற்பக் கூட்டியும் குறைத்தும் உள்ளார். கேட்கவேண்டிய வினா, மாற்றும்போது யார் யார் அங்கே இருந்தார்கள் என்பதே. அண்ணாவியாரும், ஆடுபவனும், முன்னைய ஆட்டத்தைக் கண்ட முதியவரும் இருந்து பேசி மாற்றியது நிலைக்கும். அவர்கள் இல்லாமல் மாற்றியது, எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தத் தயாரிப்போடு முடிந்துவிடும். ‘கர்ணன் போர்’ வெற்றி பெற்றது செல்லையா அண்ணாவியார் அங்கே இருந்ததனால். அவரது பெயரை மூன்றாவதாக எழுதுகின்ற பழக்கத்தை நாம் கைவிடவேண்டும் என்று நான் சொல்வதன் காரணமும் இதுதான்.

இன்று போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. மட்டக்களப்புக் கிராமங்களில் மீண்டும் மத்தள ஒலி கேட்கின்றது. கூத்துக்கு ஆதரவு தருவதில் புலம்பெயர்ந்தோரின் ஆர்வத்தையும் காண்கின்றேன். கிரீடம் செய்யவும் உடுப்பு வாங்கவும் காணொளி எடுக்கவும் ஊர்ச் சங்கங்கள் பணம் அனுப்புகின்றன. இது மகிழ்ச்சிக்குரியது. இந்தப் பக்கத்தை வாசிக்கின்ற அத்தகைய அன்பர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு.

முதலாவது, பணம் அனுப்பும்போது ஒரு மணித்தியால விழா நிகழ்ச்சிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். சட்டம் கொடுப்பதிலிருந்து அரங்கேற்றம் வரையான மாதங்களுக்கு அனுப்புங்கள். கூத்துப் பழகும் காலத்தில்தான் ஊர் ஒன்றுகூடுகின்றது. அண்ணாவியாருக்குரிய மரியாதையும் வேதனமும் அந்த மாதங்களுக்குரியதாக இருக்கட்டும்.

இரண்டாவது, உங்கள் ஊரில் எவர் வீட்டிலாவது பழைய கூத்துக் கொப்பி இருந்தால் அதனைப் படம் பிடித்துவையுங்கள். ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும் குறிப்புகளையும், அடித்துத் திருத்தப்பட்ட வரிகளையும் விட்டுவிடாதீர்கள். அந்த அடித்தல் திருத்தல்களே அவ்வூர்க் கூத்தின் வரலாறு.

மூன்றாவது, காணொளி எடுக்கச் செல்பவரிடம் கூத்து முடிந்தவுடன் கருவியை மூடிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். களரியைச் சுற்றியிருந்து எழுந்து செல்லும் எழுபது, எண்பது வயதுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். ஆட்டம் எப்படி, பாட்டு எப்படி, முன்னர் யார் ஆடினார், எங்கே ஆடினார் என்று அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். போருக்கு முந்திய களரியைக் கண்ட கண்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. அவர்களிடம் இப்போதே கேட்டுவைக்க வேண்டும்.